உறைக்குள் மின்னணு யுகம்

கணினி இல்லாமல் சுவிட்சர்லாந்தின் டீட்டிகோன் நகராட்சி ஒரு நாளும் ஓடாது. ஆனால் கணினியை நம்பலாமா என்று முடிவு செய்வது மட்டும் காகித வாக்குச்சீட்டு. பக்கத்து ஊரான ஷ்லீரனில் 2005இலேயே இணையத்திலும் கைபேசிக் குறுஞ்செய்தியிலும் வாக்களித்துப் பார்த்தார்கள். 2011இல் சூரிச் மாநிலம் அதை மூட்டை கட்டியது.

அடுத்து மின்னணு அடையாள அட்டை. தனியாரா கொடுப்பது என்று 2021இல் நாடு முழுவதும் வாக்களித்தவர்களில் 64.4 விழுக்காட்டினர் தள்ளினார்கள். அரசே தரும் என்றதும், 2025 செப்டம்பரில் 50.4 விழுக்காட்டினர் தலையாட்டினார்கள். இரு தீர்ப்புகளும் பெரும்பாலும் தபால் உறையில்தான் போயின.

நம்மூரில் ‘சர்வர் டவுன், நாளைக்கு வாங்க’ என்பார்கள். உறைக்கு அந்த வியாதி கிடையாது. ஊடுருவ நினைப்பவனும் உறை உறையாகப் பிரித்தாக வேண்டும், கூலி கட்டாது.