மொத்தம் எத்தனை பேர்?

1986-ல் திருநெல்வேலியிலிருந்து மெட்ராஸுக்கு மாற்றல் என்றால் முதலில் விரித்துப் பார்க்க வேண்டியது ரயில் அட்டவணை. எனக்கு ஆபீஸ் பாரிமுனையில். பீச் ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931-லிருந்து மின்சார ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அதில் எந்த ஸ்டேஷனில் இறங்கிக் குடும்பம் நடத்தலாம் என்பதைச் சம்பளம் முடிவு செய்யும். மாம்பலம் ஆபீசர்களுக்கு. கிண்டியைத் தாண்டினால் என்னைப் போன்ற கிளார்க்குகள். பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம் என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் வாடகை இறங்கும்; ரயிலில் நின்றுகொண்டு வரும் நேரம் ஏறும்.

குடும்பத்துக்கு ஏற்ற ஏரியாவா என்று தனியாக யாரும் விசாரித்ததாக நினைவில்லை. புறநகருக்குப் போய்க் குடும்பம் நடத்தாமல் வேறென்ன செய்வது? இடம் நல்லதா என்று அறிய இரண்டு சோதனைகள் இருந்தன: பருப்பு வேகுமா, சோப்பு நுரைக்குமா. பல்லாவரம், குரோம்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழில். குரோம்பேட்டைக்குப் பெயர் வந்ததே குரோம் லெதர் கம்பெனியால்தான். கிணறுகளிலும் அந்தத் தொழிலின் கைவரிசை இருந்தது. புரோக்கர் என்னிடம் காற்றோட்டத்தையும் கிழக்குப் பார்த்த வாசலையும் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, என் மனைவி காலி ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கிணற்றடிக்குப் போய்விடுவாள். நாங்கள் தங்கியிருந்த சித்தப்பா வீட்டில் அந்தத் தண்ணீரில் ஒரு பிடி துவரம்பருப்பு வேகும், அல்லது வேகாது. தாமிரபரணித் தண்ணீரில் வளர்ந்தவளிடம் எந்தக் கிணறும் லேசில் பாஸாகவில்லை.

ஒரு புரோக்கர் எங்களை வேளச்சேரிக்கும் அழைத்துப் போனார். ஏரி, வயல், வண்டித்தடம். "நாளைக்கு இது பெரிய இடமா வரும் சார்" என்றார். தவளைகள் குடும்பம் நடத்த ஏற்ற இடம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினோம். அங்கே ஒரு கிரவுண்டு வாங்காமல் விட்ட கதை சென்னையில் ஓய்வு பெற்ற எல்லோரிடமும் இருக்கும். என்னுடையதை உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. 2007-ல் பறக்கும் ரயில் அங்கே போய்ச் சேர்ந்தது. 2015 டிசம்பரில் ஏரி தன் பழைய இடத்தைக் கேட்டு வந்தது. தெருவில் படகு விட்டார்கள். தவளைகள் தரப்பில் நியாயம் இருந்தது.

கடைசியில் நங்கநல்லூரில் ஒரு கிணறு பாஸானது. அதோடு எங்கள் தேர்வு முடிந்து, வீட்டுக்கார அம்மாள் நடத்தும் தேர்வு ஆரம்பமானது. 32 அடி ஆஞ்சநேயர் 1995-ல்தான் அந்த ஊருக்கு வந்தார். அதுவரை அங்கே எனக்குத் தெரிந்த மிக உயர்ந்த அதிகாரம் அந்த அம்மாள்தான். பின்பக்கத்துப் போர்ஷன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, பத்து மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும், கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு அரட்டை கூடாது. சாதியை நேரடியாகக் கேட்க அவருக்குக் கூச்சம். அதனால் திருநெல்வேலியில் எந்தத் தெரு என்று மட்டும் கேட்டார். தெருவைச் சொன்னதும் மிச்சத்தை அவரே தெரிந்துகொண்டார். பத்து மாத அட்வான்ஸ். வாடகையைக் கட்டுப்படுத்த 1960-லேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள். அது நங்கநல்லூர் வரை வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

கடைசிக் கேள்விதான் கஷ்டமானது. "மொத்தம் எத்தனை பேர் தம்பி?" தலைக்கு இத்தனை வாளி என்று அவர் மனதுக்குள் பெருக்குவது முகத்தில் தெரிந்தது.

"மூணு பேர்தாம்மா. நான், வீட்டுக்காரி, கைக்குழந்தை. எங்கம்மா ஊர்ல இருக்காங்க, எப்பவாவது வந்து போவாங்க."

அம்மா அப்போது மூட்டை கட்டி முடித்து, என் கடிதத்துக்காகக் காத்திருந்தார். வந்தார். போவதைப் பற்றி மட்டும் பேச்சே எழவில்லை. முதலில் வீட்டுக்கார அம்மாள் கிணற்றடியில் நின்று வாளிகளை எண்ணினார். பிறகு இருவரும் சேர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தார்கள். அதற்கும் பிறகு, எங்கள் போர்ஷனில் பத்து மணி தாண்டியும் விளக்கு எரிவதை அம்மாவே அவரிடம் போய்ப் புகார் சொன்னார். வாடகையை ஏற்றும்போதெல்லாம் "உங்கம்மா முகத்துக்காக" என்று 25 ரூபாய் குறைத்துக்கொள்வார் வீட்டுக்கார அம்மாள். என் முகத்துக்கு ஒரு பைசா குறைந்ததில்லை.

அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது புனேயிலிருந்து சோழிங்கநல்லூருக்கு மாற்றல். அவள் ஹார்லிக்ஸ் பாட்டிலைத் தேடவில்லை, எக்செல் ஷீட்டைத் திறந்தாள். துரைப்பாக்கம், பள்ளிக்கரணை, மேடவாக்கம், பெரும்பாக்கம், நாவலூர் எல்லாம் வரிசையாக இறங்கி நின்றன. பள்ளிக்கூடம் எத்தனை நிமிடம், மெட்ரோ வேலைக்காகச் சாலை நடுவே போட்ட தடுப்புகளைத் தாண்டி ஆபீஸ் எத்தனை நிமிடம், 2015-ல் எவ்வளவு தண்ணீர் நின்றது, 2019-ல் எத்தனை லாரி தண்ணீர் வாங்கினார்கள் என்று தனித்தனிப் பத்தி. நாங்கள் பருப்பு வேகத் தண்ணீர் தேடினோம். இவள் மழைக்காலத்தில் தண்ணீர் வராத, கோடையில் தண்ணீர் தீராத வீட்டைத் தேடினாள். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வீடு இருந்தால் அதில் ஓனரே குடியிருப்பார்.

நேரில் பார்க்க நானும் போனேன். ஓர் அடுக்ககத்தின் விளம்பரத்தில் "ஏரியைப் பார்த்த பால்கனி" என்று இருந்தது. பார்த்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். பறவைகளுக்குச் சர்வதேச அங்கீகாரம் கிடைத்த கையோடு வாடகையையும் ஏற்றியிருந்தார்கள். காற்று திசை மாறியதும் பெருங்குடிக் குப்பைக்கிடங்கும் தன் இருப்பைத் தெரிவித்தது. மற்றோர் அடுக்ககத்துக்குச் செயலியில் "வெள்ள பாதிப்பு இல்லை" என்று பச்சை டிக். கீழே வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் இடுப்பில் கை வைத்துக் காட்டினார். குழந்தைகள் விளையாட ரப்பர் தரை போட்ட மைதானம் இருந்தது. பக்கத்தில் அசோசியேஷன் பலகை: பந்து விளையாடக் கூடாது.

கூச்சம் மட்டும் போய்விட்டது. சைவம் மட்டும், குடும்பம் மட்டும் என்று செயலியில் கட்டம் கட்டமாகவே கேட்கிறார்கள். மகளோடு வேலை பார்க்கும் ஒரு முஸ்லிம் பெண்ணும் அதே ஏரியாவில் வீடு தேடுகிறாள். கணவன், இரண்டு குழந்தைகள், எல்லாக் கட்டத்திலும் டிக். பெயரைச் சொன்னதும் அந்த வீடு "இப்பத்தான் வேற ஒருத்தருக்கு முடிஞ்சது" ஆகிவிடுகிறது. தெருவைக் கேட்கும் சிரமம்கூட இப்போது இல்லை.

சட்டமும் புதிது. 2019 முதல் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, வேறு விதமாக ஒப்புக்கொண்டிருந்தால் ஒழிய. எல்லோரும் வேறு விதமாகவே ஒப்புக்கொள்கிறார்கள்.

பெரும்பாக்கத்தில் ஒரு மூன்று பெட்ரூம் வீடு ஷீட்டில் முதலிடம் பிடித்தது. ஓனர் டல்லாஸில். வீடியோ காலில் நேர்காணல். ஆணி அடிப்பீர்களா என்ற கேள்வி கடல் தாண்டியும் அப்படியே இருந்தது. பிறகு என்னைத் திரையில் பார்த்து, "மொத்தம் எத்தனை பேர் அங்கிள்?" என்றார்.

"மூணு பேர்தான் சார். மகள், மாப்பிள்ளை, பேத்தி. நாங்க எப்பவாவது வந்து போவோம்." பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

மகள் போனை வாங்கிக்கொண்டாள். "இல்லை சார், அஞ்சு பேர். அப்பா அம்மா எங்களோடவேதான் இருப்பாங்க."

டல்லாஸ் மலர்ந்தது. பெரியவர்கள் இருந்தால் வீடு பத்திரமாக இருக்கும் என்று அட்வான்ஸில் ஒரு மாதத்தைக் குறைத்தார். என் அம்மாவை மறைத்ததால் எனக்கு வீடு கிடைத்தது. என்னைக் காட்டியதால் என் மகளுக்குத் தள்ளுபடி கிடைத்தது.

அப்புறம்தான் அந்த ஷீட்டை முழுதாகப் பார்த்தேன். லிஃப்ட்: அப்பாவின் முழங்கால். வளாகத்துக்குள் பிள்ளையார் கோயில்: அம்மா. டே-கேர் கட்டணம் என்ற பத்தியில் பூஜ்யம். ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்பது, தண்ணீர் லாரிக்காரரிடம் பேசுவது, வாட்ச்மேனோடு சுமுகமாக இருப்பது மூன்றுக்கும் எதிரே என் பெயர். நீச்சல் குளத்துக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில், வசதிகள் என்ற தலைப்பின் கீழ் நாங்கள் இருவரும் இருந்தோம். வாடகை எவ்வளவு என்று கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்குப்பா" என்றாள். சரிதான். நீச்சல் குளத்திடமும் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.