அதுக்கென்னங்க

எங்கள் கொங்குப் பக்கத்தில் பழைய கார் விற்கும் கடைக்குக் ‘கன்சல்டிங்’ என்று பெயர். போர்டில் குலதெய்வத்தின் பெயரோ மூத்த மகளின் பெயரோ இருக்கும். கூடவே ‘ஆட்டோ கன்சல்டிங்’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே யார் யாருக்கு என்ன ஆலோசனை சொல்கிறார்கள் என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. 2024 ஆடியில், கோயம்புத்தூர் சத்தி ரோட்டுக் கன்சல்டிங் ஒன்றில் கார் வாங்கிய பிறகுதான் விளங்கியது. பணம் கைமாறும்வரை அங்கே ஆலோசனைக்கு வேலையே கிடையாது. மாறிய பிறகு மெக்கானிக், மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர், பால்காரர் என்று ஊரே நமக்கு ஆலோசகர்.

ஆடியில் யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள், அதனால் விலை இறங்கும் என்று கணக்குப் போட்டவன் நான். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இந்த ஒரு விவரத்தை மட்டும் கன்சல்டிங் அண்ணனிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அண்ணனை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். தகர ஷெட்டின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி. வெள்ளைச் சட்டை, அதன் பைக்குள் இருக்கும் ஐந்நூறு ரூபாய்த் தாள் வெளியே தெரியும் அளவுக்கு மெல்லிய துணி. நெற்றியில் திருநீறு, இரண்டு ஃபோன், கையில் எப்போதும் ஒரு சாவி. நாம் விரும்பிப் பார்க்கும் வண்டியின் சாவி மட்டும் அந்தக் கையில் இருக்காது. “பையன் எடுத்துட்டுப் போயிருக்கானுங்க, இப்ப வந்துருவான், டீ சொல்லட்டுங்களா?” அந்த டீ வருவதற்குள் நாம் பாதி வாங்கியாகிவிட்டது.

அவருடைய பாட்டன் மாட்டுத் தரகராக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பானெட்டை அவர் தட்டுகிற தட்டு, காங்கேயம் காளையின் திமிலைத் தட்டுகிற தட்டு. அந்தியூர்ச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசுவார்களே, அந்தப் பார்வை. ஒரே வித்தியாசம்தான். மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்த்தால் வயது தெரிந்துவிடும். பல்லைத் திருப்பி வைக்க முடியாது. மீட்டரைத் திருப்பலாம்.

எனக்குக் காட்டிய வண்டி சின்ன வெள்ளை டீசல் கார். தாம்பரம் பதிவு, மீட்டரில் 48,000. “டாக்டர் ஓட்டின வண்டிங்க. வீடு, ஆஸ்பத்திரி, அவ்வளவுதாங்க.” தமிழ்நாட்டுக் கன்சல்டிங்குகளில் டாக்டர்கள் ஓட்டிக் கழித்த கார்களை எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு நோயாளிக்கு நான்கு டாக்டர் தேறுவார்கள். டயருக்குக் கறுப்புப் பூசி, இஞ்சினை டீசலில் கழுவி, உள்ளே மல்லிகை வாசனைப் புட்டி மூன்று வைத்திருந்தார். ஒரு காருக்கு எதற்கு மூன்று என்று ஒரு கணக்கு வாத்தியாருக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. 3,40,000 ரூபாய் கொடுத்து, ‘வண்டியை ஓட்டிப் பார்த்து, உள்ளது உள்ளபடி திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த டெலிவரி நோட்டில் கையெழுத்தும் போட்டேன். ஆர்.சி.யில் பேர் மாற்றுவது? “அதுக்கென்னங்க, பத்து நாள்ல பண்ணிப்போடலாம்.”

முதல் மழையில் மல்லிகை தோற்றது. ஆற்றங்கரைச் சேற்று வாடை எழுந்தது. பிறகு இடப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆட ஆரம்பித்தது. ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு ஹாரன் தானாக அலற, தெருவே எழுந்து வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டது.

கணபதியில் எங்கள் மெக்கானிக் பையன் பானெட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை இழுத்தான். நாம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இழுத்ததும் நிறுத்தவில்லை. அடிவரை, இனி வராது என்கிற இடம்வரை இழுத்தான். கடைசி ஒரு சாண் பெல்ட்டில் டீ கொட்டிக் காய்ந்தது மாதிரி ஒரு கோடு. நகத்தால் சுரண்டினான், மாவு போல வண்டல் உதிர்ந்தது. அடுத்து கால்மிதி விரிப்பைத் தூக்கி, சீட் ஓடும் தண்டவாளத்தைக் காட்டினான். துரு. ஒயர் முனைகளில் செம்பு பச்சை பூத்திருந்தது.

“வண்டி குளிச்சிருக்குதுங்க சார். இடுப்பளவு.”

தாம்பரம் பதிவு என்றதும் எனக்குக் கணக்கு ஓடியது. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல், முடிச்சூரும் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முங்கிக் கிடந்ததை டிவியில் பார்த்து உச்சுக் கொட்டியவன் நான். அப்படி உச்சுக் கொட்டிய கார்களில் ஒன்றுக்குத்தான் எட்டு மாதம் கழித்து மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியிருக்கிறேன்.

நேராகக் கன்சல்டிங்குக்குப் போனேன். வழியெல்லாம் கத்துவதற்கு ஒத்திகை. அண்ணன் எழுந்து நின்றார். “வாங்க சாரு. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?” நான் சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. என்னைவிட அவருக்குத்தான் கோபம் அதிகம் வந்தது. “என்ன அநியாயமுங்க இது! வாத்தியார் மனசை நோகடிச்சுப்போட்டனே. வண்டியை விட்டுட்டுப் போங்க. அதுக்கென்னங்க, சரி பண்ணிப்போடலாம்.”

இந்த இனத்தின் மொத்தத் திறமையும் இந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. மறுக்கிறவனோடு சண்டை போடலாம். நாம் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? பணத்தைத் திருப்பித் தரச் சொன்னேன், அதுக்கென்னங்க. இந்த வாரமே வேண்டும், அதுக்கென்னங்க. உங்கள்மேல் கேஸ் போடுவேன் என்றேன். “தாராளமாப் போடுங்க, உங்க உரிமைதானுங்க அது.” 1915-இல் நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் புகார் பதிந்திருக்கிறேன் என்றேன். “நல்ல நம்பருங்க. நம்ம தம்பிக்குக்கூட ஒரு ஃபிரிட்ஜ் விசயம் இருக்குது” என்று ஃபோனில் குறித்துக்கொண்டார்.

அப்படியும் மிச்சம் மீதி மறுப்பு தேவைப்பட்டால், அதற்கு ஒரு பார்ட்னர் உண்டு. “எனக்குப் பூரண சம்மதமுங்க. பார்ட்னர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லிடறேன்.” பார்ட்னர் ஒருநாள் பழனியில் இருந்தார், ஒருநாள் பல்லாரியில் லோடோடு இருந்தார், ஒருநாள் அவருக்கு அம்மை போட்டிருந்தது.

வண்டி நாற்பது நாள் ‘ஒர்க்ஷாப்’பில் இருந்தது. திரும்பி வந்தபோது வைப்பர் பழையபடி இண்டிகேட்டருக்கு ஆடியது. மீட்டரில் மட்டும் 1,100 கிலோமீட்டர் ஏறியிருந்தது. பின்சீட்டில் ஒரு தாம்பூலப் பை. கோபிசெட்டிபாளையத்தில் நடந்த கல்யாணம். பொண்ணு மாப்பிள்ளை பெயர்களையும் படித்தேன், மனதார வாழ்த்தினேன், வேறென்ன செய்வது. கேட்டதற்கு, “ஓட்டிப் பாத்தாத்தானுங்க கம்ப்ளெய்ன்ட் தெரியும்” என்றார்.

இந்த இடத்தில் என் மைத்துனர் களமிறங்கினார். திருப்பூரில் பனியன் கம்பெனி, குரல் பெரியது. “மாமா, நீங்க பேசாம வாங்க. இவனுகளை எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்.” போனதும் மேசையைத் தட்டினார். அண்ணன் அவருக்கும் டீ சொன்னார். கால் மணி நேரத்தில் மேசைச் சத்தம் நின்றது. நான் சிறுநீர் கழித்துவிட்டு வந்து பார்க்கிறேன், மைத்துனர் ஒரு கறுப்பு ஏழு சீட்டர் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். “டாக்டர் வண்டியாமுங்க மாமா.” ஐயாயிரம் டோக்கன் கொடுத்திருந்தார். அதை மீட்கவே தனியாக ஒரு வாரம் ஆனது.

கடைசியில் என்னிடம் படித்த ஒரு வக்கீல் பையனிடம் போனேன். கணக்கில் முப்பத்தாறு வாங்கிப் பாஸ் ஆனவன். எல்லாக் காகிதத்தையும் பார்த்தான். டெலிவரி நோட்டின் ‘உள்ளது உள்ளபடி’யைப் படித்துவிட்டு, மறைத்து விற்றதற்கு இது கவசம் ஆகாது சார் என்றான். பிறகு என் ஃபோனை வாங்கி, வாங்குவதற்கு முன்னால் அண்ணன் அனுப்பியிருந்த வாட்ஸாப் செய்திகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தவன் சட்டென்று சிரிக்க ஆரம்பித்தான். அண்ணன் வாயால் சொல்ல, ஃபோன் தமிழில் எழுதியிருந்தது:

‘சிங்கிள் ஓனர். நான் ஆக்சிடென்ட். நான் ஃப்ளட்.’

“வண்டியே வாக்குமூலம் கொடுத்திருக்கு சார்” என்றான். சிரித்து முடித்ததும் முகம் மாறியது. வெள்ளத்தில் நனையாத வண்டி என்று எழுத்தில் இருக்கிறது, இது போதும். 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. இன்னொன்றும் சொன்னான். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரச் சான்று வாங்கியிருக்க வேண்டும். கைவசம் இருக்கும் வண்டி எதற்காக எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பதிவேடு வைக்க வேண்டும். எனக்குக் கோபிசெட்டிபாளையம் தாம்பூலப் பை நினைவுக்கு வந்தது. அண்ணன் கடைச் சுவரையும் மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். மருதமலை முருகன் இருந்தார், இரண்டு காலண்டர், ஒரு பூசணிக்காய், மறைந்த அப்பாவின் படம். சான்று எதுவும் கண்ணில் பட்டதாக நினைவில்லை.

நோட்டீஸ் ரிஜிஸ்டர் தபாலில் போனது. நான்காம் நாள் காலை அண்ணன் ஃபோன் செய்தார். முதல்முறையாக ‘அதுக்கென்னங்க’ வரவில்லை. குரலில் அப்படி ஒரு வருத்தம். “என்னங்க சாரு, நமக்குள்ள தபாலெல்லாம் எதுக்குங்க? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிச்சிருப்பனே.” மூன்று மாதமாக நான் சொன்னது வார்த்தைக் கணக்கில் சேராது போலிருக்கிறது.

பேச்சுவார்த்தை காந்திபுரத்தில் ஒரு பேக்கரியில். கொங்கு நாட்டில் கோர்ட்டுக்கு வெளியே தீர்கிற வழக்கெல்லாம் டீக்கும் பப்ஸுக்கும் நடுவில்தான் தீர்கிறது. வேறு வண்டி எடுத்துக்கொள்ளுங்கள், அறுபதாயிரம் மட்டும் சேர்த்துக் கொடுங்கள் என்று ஆரம்பித்தார். வக்கீல் பையன் பப்ஸைத் தின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு, “பார்ட்னர் ஒருத்தர் இருக்கார்னு சொன்னாங்களே, அவர் பேர், விலாசம் சொல்லுங்கண்ணா. ரெண்டாவது எதிர்தரப்பா அவரையும் சேர்க்கணும்” என்று பேனாவைத் திறந்தான்.

அண்ணன் டீயை ஒரு மிடறு குடித்தார். “பார்ட்னரெல்லாம் யாருமில்லீங்க தம்பி. எல்லாம் நான்தானுங்க.”

அதற்கப்புறம் அரை மணி நேரத்தில் முடிந்தது. 3,20,000 திரும்பத் தருவார், மூன்று தவணை. இருபதாயிரம் நான் ஓட்டியதற்குக் கழிவு. நாற்பது நாளில் அவர் ஓட்டிய 1,100 கிலோமீட்டருக்கு என்ன கழிவு என்று கேட்க வாயெடுத்தேன். வக்கீல் பையன் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தான். முப்பத்தாறு மார்க் பையன் கணக்கு வாத்தியாரை அடக்குகிறான். ஆர்.சி.யில் பேர் மாற்றாமல் அண்ணன் இழுத்தடித்ததில் ஒரு நன்மை: வண்டியை ஒப்படைக்க எனக்கு எந்தப் படிவமும் வேண்டியிருக்கவில்லை.

முதல் தவணை ஒன்றரை லட்சம் அன்றைக்கே வந்தது. இரண்டாவது ஒரு லட்சம், சொன்ன தேதிக்குப் பதினொரு நாள் தள்ளி. கடைசி எழுபதாயிரத்துக்கு ஒரு சனிக்கிழமை நேரிலேயே போனேன்.

ஷெட்டின் முன்வரிசையில் அந்த வெள்ளைக் கார் நின்றது. டயர் கறுப்பாக, கண்ணாடி பளிச்சென்று. பக்கத்தில் இளம் தம்பதி. பெண்ணின் இடுப்பில் குழந்தை. அண்ணன் பானெட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு துளி சங்கடம் வர வேண்டுமே, வரவில்லை. மலர்ந்தது.

“ஆயுசு நூறுங்க சாரு உங்களுக்கு! இப்பத்தான் சொல்லிட்டிருந்தேன்.” அவர்கள் பக்கம் திரும்பினார். “இவரு வச்சிருந்த வண்டிதானுங்க. ரிட்டயர்டு வாத்தியாரு. வீடு, கோயில், அவ்வளவுதாங்க. வேணும்னா சாரையே கேட்டுக்கங்க.”

அந்தப் பையன் மரியாதையாக வணக்கம் வைத்தான். உள்ளேயிருந்து மல்லிகை வாசம் வந்தது. எனக்கு வர வேண்டிய எழுபதாயிரம் இன்னும் அண்ணனின் கல்லாவில் இருந்தது.

“தம்பி, அந்த சீட் பெல்ட்டை இழுத்துப் பாருங்க” என்றேன். “நின்னாலும் விடாதீங்க. அடிவரைக்கும் இழுங்க.”

அண்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“அதுக்கென்னங்க, தாராளமா இழுங்க தம்பி. நானே சொல்லணும்னு இருந்தேன்” என்றவர், கடைக்குள் பார்த்துக் குரல் கொடுத்தார்: “டேய், சாருக்கு ஒரு டீ!”