பேய்க்கு எதற்கு பயோடேட்டா?

பத்து நிமிடப் பேய்ப்படத்துக்குக் கதை பேச நாலு பேர் உட்கார்ந்தால், இரண்டாவது டீ வருவதற்குள் பேய்க்குக் காதல் தோல்வி, சொத்துத் தகராறு, கிராமத்து ஃபிளாஷ்பேக் எல்லாம் சேர்ந்துவிடும். பயம் மட்டும் சேராது. டேவிட் சாண்ட்பெர்க் 2013இல் எடுத்த ‘லைட்ஸ் அவுட்’ குறும்படம் மூன்று நிமிடம்கூட ஓடாது. ஒரு வீடு, நடிக்க மனைவி, ஒரு சுவிட்ச். விளக்கை அணைத்தால் உருவம் நிற்கிறது, போட்டால் காணோம். அது யார், ஏன் வந்தது என்று கடைசிவரை யாரும் சொல்வதில்லை. ‘காரணம் இல்லாவிட்டால் லாஜிக் இடிக்குமே’ என்பார்கள். சுவிட்ச் விதியை நம்பவைத்துவிட்டு, கடைசி நொடியில் வெளிச்சத்திலேயே முகத்தைக் காட்டி அதை உடைப்பதுதான் அங்கே லாஜிக். காரணம் சொல்லியே தீர வேண்டுமென்றால் முழுநீளப் படம் இருக்கிறது. 2016இல் ‘லைட்ஸ் அவுட்’டையே அப்படி எடுத்தபோது பேய்க்குப் பெயர், மனநல மருத்துவமனை, முன்கதை எல்லாம் கிடைத்தன. குறும்படத்தில் அந்தச் செலவை ஏற்கத் தயாரிப்பாளர் என்று ஒருவரே கிடையாது, பாவம்.