போர்டு போச்சுன்னா போச்சு

எந்தக் கல்யாண மண்டபத்திலும் இந்த அண்ணாச்சியைப் பார்க்கலாம். பந்திக்குப் போகிற வழியில், படமெடுக்கும் தம்பியின் தோளுக்குப் பின்னால் ஒரு நிமிஷம் நிற்பார்.

"புது மாடலா தம்பி? எவ்வளவு ஆச்சு?"

தொகையைக் கேட்டதும் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். "உள்ள பூரா எலெக்ட்ரானிக்ஸ். கப்பாசிட்டர் கசியும், ஃப்ளெக்ஸ் கேபிள் விட்டுப்போகும். போர்டு போச்சுன்னா போச்சு. பத்து வருஷம் கழிச்சுப் பார்ட்ஸ் தேடிப் பாரு, தெரியும்."

அவர் வைத்திருப்பது நிக்கான் எஃப்எம்2. 1982-இல் வந்த மாடல். பேட்டரியைக் கழற்றி வீசினாலும் ஷட்டர் அடிக்கும்; பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். நொடியில் 4000-இல் ஒரு பங்கு வேகம் வரைக்கும் ஸ்பிரிங்கும் பல்சக்கரமுமே பார்த்துக்கொள்ளும். இதில் ஒரு சொல் பொய்யில்லை என்பதுதான் நமக்குள்ள தொல்லை.

1976-இல் வந்த கேனன் ஏஇ-1 வயிற்றுக்குள்ளேயே மைக்ரோ பிராசஸர் உண்டு, பேட்டரி தீர்ந்தால் ஷட்டர் அசையாது, ஆனாலும் இன்றைக்கும் அதில் படம் எடுக்கிறவர்கள் இருக்கிறார்களே என்று கேட்டுவிடாதீர்கள். "அது அந்தக் காலத்து எலெக்ட்ரானிக்ஸ்" என்பார். அண்ணாச்சியிடம் சர்க்கியூட்டுக்கும் வயசானால் மரியாதை உண்டு.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் தரிசனம் கிடைக்கும். பீரோவிலிருந்து எவர்சில்வர் டப்பா இறங்கும். சிலிகா ஜெல் பொட்டலங்களை ஒதுக்கி, வேட்டித் துணியைப் பிரித்து, லீவரை இழுத்து ஒரு 'க்ளக்'. "கேட்டியா சத்தத்தை!"

கேட்டோம். பின்மூடியைத் திறந்தால், வெளிச்சம் புகாமலிருக்க ஓரத்தில் ஒட்டியிருந்த ஸ்பாஞ்ச் பசையாக இளகி விரலைக் கறுப்பாக்குகிறது. லென்ஸை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் உள்ளே பூஞ்சை கிளைவிட்டுப் படர்ந்திருக்கிறது. எலெக்ட்ரானிக்ஸ் மேல் பழி போட வழியே இல்லை.

"கடைசியா எப்ப எடுத்தீங்க?"

"ரோல் விக்கிற விலைக்கா?"

"ஒரு சர்வீஸாவது கொடுக்கலாமே அண்ணாச்சி?"

"யார்கிட்ட கொடுக்க? டவுன்ல பாய் ஒருத்தர் இருந்தார். கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு மாட்டுவார். போய்ச் சேர்ந்துட்டார். பையனுக்கு இந்தத் தொழில் வேண்டாமாம். செல்போன் கடை போட்டிருக்கான்."

"அடடா."

"பையன் கெட்டிக்காரன்தான். என் போன் செத்தே போச்சு. ஒரு மணி நேரத்துல போர்டைப் பார்த்துச் சரிபண்ணிக் கொடுத்துட்டான்!"