ஐந்தருவியில் அத்தான் என்ன பேசினார்?

சாரல் தொடங்கினால் தென்காசிக்காரன் வீட்டுக்கு முதலில் விருந்தாளி வருவார். அவர் ஊருக்குப் போனபிறகு அவர் எடுத்த வீடியோ வரும்.

இந்த வருஷம் அத்தான். குற்றாலம் ஐந்தருவியில் எடுத்ததை, "சைஸ் கூடிப்போச்சு" என்று எதிலோ போட்டு கன்வெர்ட் பண்ணிக் குடும்பக் குரூப்பில் ஏற்றிவிட்டார். நேற்று ராத்திரி போன். "மாப்ள, படம் பரவால்ல, சத்தம்தான் கொரகொரங்கு. நீ கம்ப்யூட்டர் படிச்சவன்லா, சரிபண்ணிக் குடேன்."

எப்படிச் சரிபண்ணுவது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்குமுன் அருவியைப் பற்றிக் கொஞ்சம்.

பலத்த சத்தத்தின் பக்கத்தில் மெல்லிய சத்தம் நம் காதில் விழாது. அதைக் கழித்துத்தான் எம்பி3 வகையறாக்கள் ஃபைலைச் சுருக்குகின்றன. வீணைக்கு இது பலிக்கும். அருவியிலோ கீழ்ஸ்தாயி, மேல்ஸ்தாயி எல்லாம் ஒரே நேரத்தில் தலையில் விழுகின்றன. எதைக் கழிக்கும்? நொடிக்கு 64 கிலோபிட் மட்டும் கொடுத்தால் திணறித் தொண்டையைக் கொப்பளிக்கிறது.

அருவிக்கு அருவி ரேட்டும் வேறு. சிற்றருவியை 128-இல் ஒப்பேற்றிவிடலாம். புலியருவியில் பிள்ளைகள் கூச்சல் சேரும், 160 போடுங்கள். பழைய குற்றாலத்துக்கு 192. பேரருவியில் போலீஸ் விசிலும் உண்டு, நகராமல் நிற்பவரைத் திட்டும் நாலு ஊர்க் கெட்டவார்த்தையும் உண்டு. 256-க்குக் குறைத்தால் திட்டில் பாதி போய்விடும். ஐந்தருவிக்கு 320 போட்டாலும் பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்காது, நேரில் நின்றாலே கேட்காது. செண்பகாதேவிக்கு வனத்துறை லேசில் விடுவதில்லை; காதுக்கு அந்தமட்டில் லாபம். அருவியே இல்லாமல் அருவிச் சத்தம் வேண்டுமா? தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் கோபுர வாசலில் போனை நீட்டுங்கள். அங்கே அடிக்கும் காற்றுக்கு எந்த மைக்கும் தாங்காது.

நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் காலமானார். அவர் குரல் இன்றைக்கும் பழைய இசைத்தட்டில் கணீரென்று இருக்கிறது. அத்தான் போன வாரம் பேசியது போய்விட்டது.

எனக்கு எரிச்சல் எதில் என்றால், 192 கிலோபிட்டில் ஒரு நிமிஷ ஒலி ஒன்றரை எம்பிகூட வராது. போனில் எடுத்த படம் நிமிஷத்துக்கு நூறு எம்பியைக்கூடத் தாண்டும். தின்பது படம், பட்டினி போடுவது ஒலியை! கன்வெர்ட் பண்ணும் மென்பொருள்கள் பலவற்றில் ஆடியோவைத் தொடாமல் அப்படியே விடுவதற்கு 'காப்பி' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதை அமுக்கிய விரலை நான் இன்னும் பார்க்கவில்லை.

64-இல் சுருக்கியதை 320-க்கு ஏற்றினால் ஃபைல்தான் பெருக்கும், கழித்தது வராது. ஒரிஜினலைக் கேட்டேன். "இடம் அடைக்குன்னு அன்னைக்கே அழிச்சிட்டேன் மாப்ள" என்கிறார்.

ஐயா, அடுத்த சாரலுக்கு வருகிறவர்கள் போனை லாட்ஜிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.