கண்ணாடிக்குள் ஒரு தரிசனம்

வசதியான வீட்டு மேசைகளில் இப்போது கண்ணாடி டீபாட் குடியேறியிருக்கிறது. நடுவில் ஒரு வடிகட்டிக் கூடை. அதில் நீலகிரி ஆர்த்தடாக்ஸ் இலை சுருள் பிரிய, தேன் நிறம் நூல்நூலாக இறங்கும். மூன்று நிமிடம் எல்லோரும் பேசாமல் பார்க்க வேண்டும். விருந்தாளிக்குத் தலைவலி என்றால் அது அவர் பாடு.

வாங்கும்போது போரோசிலிகேட்தானா என்று கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி சூட்டில் அதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரியும்; கொதிநீர் பட்டால் 'டக்'கென்று விரிசல் விடலாம். ஜெர்மனியின் யேனா நகரில் ஓட்டோ ஷாட் உருவாக்கிய கண்ணாடி போரோசிலிகேட். 1931-இல் வில்ஹெல்ம் வாகன்ஃபெல்ட் அதில் வடிவமைத்த டீபாட் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் வீட்டில் ஷோகேஸ். பெரிய வித்தியாசமில்லை.

கூடை அடிவரை எட்டுகிறதா என்றும் பாருங்கள். எட்டாவிட்டால், இரண்டு கப் தண்ணீர் ஊற்றும் நாளில் இலை அந்தரத்தில் தவம் கிடக்கும். மூக்கு சரியில்லையென்றால் டீ கோப்பைக்குப் போகாமல் பானையின் வயிற்றோடு வழிந்து மேசை விரிப்புக்குப் போகும். ஆறிவிடுமே என்றால், அடியில் வைக்க மெழுகுவத்தி ஸ்டாண்டு தனி விலைக்கு உண்டு.

தவறியும் சி.டி.சி. டஸ்ட் போடாதீர்கள். கூடையின் துளை வழியே மொத்தமும் இறங்கி, மழைக்காலக் குட்டை மாதிரி ஆகிவிடும். பால் ஊற்றலாமா என்று மாமியார் கேட்டால், அவருக்கு அடுப்படியில் பழைய அலுமினியப் பாத்திரம் இருக்கிறது. விருந்தாளியும் மெல்ல அந்தப் பக்கம்தான் பார்க்கிறார்.

கறைக்குச் சமையல் சோடா போதும். மூக்குக்குள் விரல் போகாது. அதற்கென்று குட்டி பிரஷ் விற்கிறார்கள், அதையும் வாங்கிவிடுங்கள்.