லினக்ஸ் எழாமை: ஓசூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

தமிழில் துயிலெழுப்புவதற்கென்று பெரும் இலக்கியமே உண்டு. பெருமாளை எழுப்பத் திருப்பள்ளியெழுச்சி, தோழியரை எழுப்பத் திருப்பாவையில் பத்துப் பாசுரம், ஊரை எழுப்ப மார்கழி ஒலிபெருக்கி. ஆனால் எழுப்பியும் எழாதவற்றைப் பற்றி முறையான ஆய்வு எதையும் காணோம். இப்பெருங்குறையை நீக்கும் பொருட்டு, விர்ச்சுவல் மெஷினுக்குள் நிறுவப்பட்ட, அல்லது நிறுவிவிட்டதாக உரியவர் நம்புகிற, லினக்ஸ் எழ மறுக்கும் நிகழ்வு ஈண்டு ஆராயப்படுகிறது.

ஆய்வுக் களம் தேசிய நெடுஞ்சாலை 44-ல் ஜூஜூவாடி தொடங்கிக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரை. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகம், அங்கே எழாதவற்றை அந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்தார் பார்த்துக்கொள்வார்கள். டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட் என்று ஆலைகளும், சிப்காட்டைச் சுற்றி எண்ணற்ற ஜாப் ஒர்க் பட்டறைகளும் உள்ள ஓசூரில், ஷிஃப்ட் முடித்து அறைக்குத் திரும்பும் டிப்ளமோக்காரருக்கு எலக்ட்ரானிக் சிட்டி எட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே நேர்காணலில் 'லினக்ஸ் தெரியுமா?' என்று கேட்கிறார்கள். தெரியும் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி ஓசூர் வந்து இறங்கி, அன்றிரவே தெரிந்துகொள்ள உட்காருகிறவர்களே இவ்வாய்வின் தரவு. இருக்கிற விண்டோஸை அழிக்க மனம் வராததால் அவர்கள், விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு கணினியைப் புனைந்து தரும் விர்ச்சுவல்பாக்ஸிடம் போகிறார்கள்.

இங்கே ஒரு வரலாற்று முரணைப் பதிவு செய்தாக வேண்டும். 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக்கில் உருவாகி 2007-ல் வெளியான உள்நாட்டு லினக்ஸ் அது. யாரும் நிறுவ வேண்டியதில்லை; பட்டனை அமுக்கினால் 'நான் வேண்டுமா, விண்டோஸ் வேண்டுமா' என்று தானே கேட்டது. அந்தப் பார்ட்டிஷனை அழித்து அதில் சினிமா நிரப்பிய தலைமுறைதான் இன்று லினக்ஸ் எழவில்லை என்று ராத்திரி பதினொரு மணிக்குப் போன் செய்கிறது.

முந்தைய கொள்கைகளைச் சுருங்கக் காண்போம். ரீஸ்டார்ட் கொள்கையர், எதையும் ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகும் என்பர். ரீஇன்ஸ்டால் கொள்கையர் அவர்களுடைய தோல்வியிலிருந்து பிறந்தவர்கள். 'உபுண்டு வேணாம், மின்ட் போடு' என்பது மூன்றாம் கொள்கை. இது சிக்கலைத் தீர்ப்பதில்லை, சிக்கலின் பின்னணி நிறத்தை மாற்றுகிறது. நான்காவது ஆயுதபூஜைக் கொள்கை. லேத் முதல் ஸ்டேப்ளர் வரை பொட்டு வைக்கிற தொழில் நகரத்தில் மடிக்கணினியை மட்டும் விட்டுவிட முடியாதுதான். ஆனால் காற்றுத்துளையின் மேல் சந்தனம் அப்பினால் சூடு ஏறும் என்பதை இக்கொள்கையர் ஏற்பதில்லை. நால்வரிடமும் ஒரே குறை. திரையில் எழுதியிருப்பதை யாரும் படிப்பதில்லை.

மாற்றுக் கொள்கை ஓசூர் பேருந்து நிலையத்துப் பக்கம் உள்ள டீக்கடைகளில் கிடைக்கிறது. வருகிறவர் பேசுவது தமிழா, தெலுங்கா, கன்னடமா, உருதுவா என்பதைக் கடைக்காரர் முதல் சொல்லிலேயே பிடித்துவிடுகிறார். பதிலும் அதே மொழியில் போகிறது. ஆளைக் கண்டுகொள்ளும் வேலை முடிந்த பிறகுதான் அவருக்குச் சர்க்கரை தூக்கலா குறைவா என்ற ஆராய்ச்சி. திரையில் நிற்கும் பிழைச்செய்தியையும் இவ்வாறே அணுக வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. அதைக் கட்டுரையாளர் நூற்பாவாகவே யாத்துள்ளார்:

எத்திரை எவ்வரி எழினும் அவ்வரி
மொழிந்தோர் யாரென முந்துற அறிக.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், பிழைச்செய்தியின் பொருளை ஆராயுமுன் அதைப் பேசியவரை அறிதல் வேண்டும் என்பது உணர்த்துதல் நுதலிற்று. விர்ச்சுவல் மெஷின் எழும்போது ஒருவர் பின் ஒருவராகப் பலர் பேசுகிறார்கள். முதலில் விண்டோஸின் மேல் ஓடும் விர்ச்சுவல்பாக்ஸ். அடுத்து அது புனைந்து தருகிற பயாஸ் அல்லது ஈஎஃப்ஐ. பிறகு கெர்னலை ஏற்றிவிடும் கிரப். அதன்பின் கெர்னல், கூடவே அதற்கு ரூட் டிஸ்க்கைத் தேடித் தரும் இனிட்ராம்எஃப்எஸ், கடைசியாக மற்றச் சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆகஸ்ட் 25-ல் வெறும் பொழுதுபோக்கு என்று சொல்லி அறிவித்த பொருள், இவ்வரிசையில் நான்காவதாகத்தான் வாய் திறக்கிறது. முன்னவர் மூவர் செய்த பிழைக்கும் திட்டு வாங்குவது அதுவே.

முதற் பேச்சாளரிலிருந்து தொடங்குவோம். விர்ச்சுவல்பாக்ஸ் தானே பேசும் பிழை பெரும்பாலும் பிராசஸரைப் பற்றியது. ஒரு கணினிக்குள் பல கணினிகளைக் காட்டும் வித்தையை ஐபிஎம் 1960-களிலேயே செய்துவிட்டது. எத்தகைய பிராசஸரில் அது முறையாக நடக்கும் என்று 1974-ல் பொபெக், கோல்ட்பர்க் இருவரும் இலக்கணம் வகுத்தார்கள். நம் மேசைக்கு வந்த இன்டெல் வகைப் பிராசஸரோ அந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை. 1999-ல் விஎம்வேர், இடக்குப் பண்ணும் கட்டளைகளை ஓட ஓட மாற்றி எழுதி ஒப்பேற்றியது. 2005-ல்தான் இன்டெல் விடி-எக்ஸ் என்ற வசதியைப் பிராசஸருக்குள்ளேயே வைத்தது. அடுத்த ஆண்டு ஏஎம்டியும் வைத்தது. முப்பது ஆண்டுகள் கழித்து இலக்கணத்துக்கு அடங்கிய அந்தப் பிராசஸரை வாங்கி, அந்த வசதியை மட்டும் பயாஸில் அணைத்து விற்றவர்கள் உண்டு. விளைவைக் கீழ்வரும் உரையாடல் காட்டும்.

"அண்ணா, லிஸ்ட்ல 64 பிட்டே வரலண்ணா. எல்லாமே 32தான் காட்டுது."

"லேப்டாப் பழசாடா?"

"இல்லண்ணா, போன தீபாவளிக்குத்தான் வாங்குனேன்."

"அப்ப பயாஸ்ல ஆஃப் ஆகியிருக்கும். ரீஸ்டார்ட் பண்ணி எஃப்2 அமுக்கு."

"எஃப்2 அமுக்குனா வெளிச்சம்தாண்ணா கூடுது."

எஃப்2 சில கணினிகளில் எஃப்10, சிலவற்றில் டெலீட். உள்ளே போனால் இன்டெல்லில் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றோ, ஏஎம்டியில் எஸ்விஎம் என்றோ இருக்கும். அதை இயக்கிச் சேமித்தால் போதும். இதை விட்டு 32 பிட் ஐஎஸ்ஓ, அதாவது நிறுவல் சிடியின் கோப்பு வடிவம், தேடி அலைகிறவர்கள் உண்டு. உபுண்டு அந்த வகை டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்பிலிருந்தே நிறுத்திவிட்டது.

அடுத்து ஆமை. இது உருவகம் அன்று. விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையில், வலப்பக்கம், பச்சை நிறத்தில் ஓர் ஆமை மெய்யாகவே தோன்றும். விண்டோஸின் ஹைப்பர்-வி முன்பே பிராசஸரைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறது, நான் அதன் முதுகில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறேன் என்பது பொருள். யூடியூப் பார்த்து டாக்கர் போட்டவர், டபிள்யூஎஸ்எல்2 போட்டவர், கோர் ஐசொலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டி இயங்குவதே தெரியாதவர் ஆகிய மூவருக்கும் ஆமை காட்சி தரும். எழுதல் தாமதமாகும், சிலபோது பாதியில் உறையும். விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம் முதலியவற்றை எடுத்துவிட்டால் ஆமை போகும். டாக்கரும் கூடப் போகும். மெமரி இன்டெக்ரிட்டியை அணைத்தால் விண்டோஸின் காவல் ஒன்று குறையும். கட்டுரையாளரின் கருத்து: மெதுவாகவேனும் எழுகிறது என்றால் ஆமையை விட்டுவிடுக. வேகத்துக்கு ஆசைப்பட்டு வேலைக்குப் போகிற கணினியைக் கெடுத்துக்கொண்டவர்கள் களத்தில் உண்டு.

இரண்டாம் பேச்சாளரின் புகழ்பெற்ற வாசகம் 'ஃபேட்டல்: நோ பூட்டபிள் மீடியம் ஃபவுண்ட்!' ஃபேட்டல் என்ற சொல்லைக் கண்டு கணினி செத்துவிட்டது என்று நினைத்தவர்கள் உளர். பயாஸுக்கு எதையும் மிகைப்படுத்திச் சொல்லும் பழக்கம். அது சொல்ல வருவது, எழுப்பச் சொன்னீர்கள், ஆளையே காணோம் என்பதுதான். ஐஎஸ்ஓவை மாட்டவில்லை, அல்லது மாட்டிய பின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று அதை வேறிடத்துக்கு நகர்த்தியாயிற்று. ஸ்டோரேஜ் பகுதியில் போய் மறுபடி காட்டினால் தீர்ந்தது.

பாதி இறங்கிய ஐஎஸ்ஓ இன்னும் கொடியது. ஜூஜூவாடி மாடி அறைகளில் போன் தமிழ்நாட்டு டவருக்கும் கர்நாடக டவருக்கும் மாறி மாறித் தாவும். அந்தத் தாவலுக்கு நடுவே பல ஜிபி இறக்குகிறவர், ஐஎஸ்ஓவின் தொடக்கப் பகுதி நன்றாக இருப்பதால் அது எழுந்துவிடும் என்பதை அறியார். எழும், மொழி கேட்கும், ஊர் கேட்கும், பாதி நிறுவியபின் கையை விரிக்கும். இறக்கியவுடன் கோப்பின் ஷா256 சரிபார்ப்புக் குறியீட்டைக் கணக்கிட்டு, 64 எழுத்தும் விநியோகிப்பவர் தந்ததோடு பொருந்துகிறதா என்று பார்த்தால் அந்த இரவு மிஞ்சும். விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் என்ற கட்டளை இதற்கு உதவும். யாரும் பார்ப்பதில்லை.

பூட் வரிசை தனி அத்தியாயத்துக்குரியது. விர்ச்சுவல்பாக்ஸின் வழக்கமான வரிசையில் முதலிடம் ஃபிளாப்பிக்கு. கல்யாணப் பத்திரிகையில் காலமான தாத்தாவின் பெயர் முதலில் வருகிற அதே மரியாதை. பிறகு சிடி, அதன்பிறகே ஹார்ட் டிஸ்க். நிறுவி முடித்ததும் ஐஎஸ்ஓவைக் கழற்றாவிட்டால் அடுத்த முறையும் சிடியே எழும், மறுபடி 'நிறுவலாமா?' என்று கேட்கும். களத்தில் ஒருவர், தினமும் கேட்கிறதே என்று மாலைதோறும் உபுண்டுவை நிறுவிக்கொண்டிருந்தார். முதல் நாள் எழுதிய கோப்பு மறுநாள் இருப்பதில்லை என்பதே அவருடைய புகார். லினக்ஸில் வைரஸ் வராது என்று சொன்னார்களே என்றும் கேட்டார்.

ஈஎஃப்ஐ பெட்டியை நிறுவும்போது டிக் செய்துவிட்டுப் பிறகு எடுப்பதும், எடுத்து நிறுவிவிட்டுப் பிறகு டிக் செய்வதும் சமமான குற்றங்கள். பழைய பயாஸ் டிஸ்க்கின் முதல் 512 பைட்டைப் படிக்கிறது: 446 பைட் எழுப்பும் நிரல், 64 பைட் பார்ட்டிஷன் பட்டியல், கடைசி இரண்டு பைட் முத்திரை. ஈஎஃப்ஐ அதைத் திரும்பிப் பார்க்காது. தனக்கென ஒரு பார்ட்டிஷனில் கோப்பைத் தேடும், கிடைக்காவிட்டால் ஷெல் என்ற மஞ்சள் எழுத்துத் திரையில் போய் நிற்கும். நிறுவிய நாளில் டிக் எப்படி இருந்ததோ அப்படியே வைக்க வேண்டும். மூன்றாம் பேச்சாளரான கிரப் 'கிரப் ரெஸ்க்யூ' என்று நிற்பது பெரும்பாலும் டிஸ்க்கைப் பெரிதாக்கப் போனவர்களின் நோய். லைவ் ஐஎஸ்ஓவில் எழுந்து கிரப்பை மீண்டும் நிறுவுக, அவ்வளவே.

கெர்னல் பேனிக் என்ற பெயர் கேட்டு நம்மவர்களும் பீதியடைகிறார்கள். ரூட் ஃபைல் சிஸ்டத்தை ஏற்ற முடியவில்லை, அன்னோன் பிளாக் 0,0 என்று அது கூறும். பேசுவது கெர்னல்தான், ஆனால் பேசுகிறவருக்கே உண்மை தெரியாத இடம் இது. கேட்டவர்கள் டிஸ்க்கைப் பிடித்து ஆராய்வார்கள். மெய்யான குற்றவாளி பலபோது ராம். இனிட்ராம்எஃப்எஸ் விரிவது நினைவகத்தில். 512 எம்பி கொடுத்துவிட்டு அதை விரிக்கச் சொன்னால் இடம் போதாது, விரியாவிட்டால் ரூட்டைக் கண்டுபிடிக்க ஆளில்லை. குறைந்தது இரண்டு ஜிபி, முடிந்தால் நான்கு, பிராசஸர் இரண்டு. மொத்தமே நான்கு ஜிபி உள்ள மடிக்கணினியில் குரோமையும் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்ய இயலாது என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

கறுப்புத் திரை, ஏதும் பேசாத நிலை. சூத்திரம் இங்கே பொய்க்கிறதே என்று தடை எழுப்புவார் உளர். பொய்க்கவில்லை. கிரப் வரியில் 'குவையட் ஸ்பிளாஷ்' என்று எழுதி, பேசாதே என்று வாயை அடைத்தது நாம்தான். கிரப் பட்டியலில் 'இ' விசையை அழுத்தி அவ்விரு சொற்களை நீக்கினால் கொட்டித் தீர்த்துவிடும். கிராஃபிக்ஸில் சிக்கல் என்று தெரிந்தால் அதே இடத்தில் 'நோமோட்செட்' சேர்த்து எழுப்பலாம். வீடியோ மெமரியையும் கூட்டலாம்.

பட்டறைக்காரர்களுக்குத் தனிக்குறிப்பு. சிஎன்சி பழக லினக்ஸ்சிஎன்சியை விர்ச்சுவல் மெஷினில் போடுகிறார்கள். டெபியன் மேல் கட்டிய ஐஎஸ்ஓ; ஒழுங்காக எழும்; சிமுலேஷனில் கருவி ஓடுவதையும் பார்க்கலாம். அத்தோடு நிறுத்துக. மெய்யான மெஷினை அதிலிருந்து ஓட்ட நினைக்க வேண்டாம். மோட்டாருக்குப் போகும் துடிப்புகள் மைக்ரோசெகண்ட் கணக்கில் தவறாமல் போக வேண்டும். விர்ச்சுவல் மெஷினால் அந்த உறுதியைத் தர இயலாது, விண்டோஸ் அப்டேட் ஆரம்பித்தால் கருவி வேலைப்பொருளில் நிற்கும்.

களத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இரவில் 'அண்ணா வரல' என்று மட்டும் வாட்ஸ்ஆப் அனுப்பாதீர்கள். திரையின் கடைசி வரியையும் அதற்கு மேலே உள்ள பத்து வரிகளையும், கை ஆடாமல், ட்யூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் அடிக்காமல், ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். பதினொரு மணிக்கு முன்னால் அனுப்புங்கள்.